சிறு தீவு நாடுகளின் காசநோய் சிகிச்சை வெற்றி விகிதத்தை எப்படிப் படிப்பது?

தாமரைக்குளம்

பசிபிக் பெருங்கடலின் சிறு தீவு நாடுகளில் பொதுச் சுகாதாரம் எப்படி நடக்கிறது என்பது பற்றி மாத இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி வருகிறேன். காசநோய்ப் பகுதியில் வந்து நின்றுவிட்டேன். உலக சுகாதார அமைப்பு திரட்டி, உலக வங்கியும் தன் தளத்தில் எடுத்து வெளியிடும் சிகிச்சை வெற்றி விகித (பதிவானவர்களில் சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தவர்களின் சதவீதம்) அட்டவணையைப் பார்த்தால், கிரிபட்டியின் வரிசை ஓரளவு நிதானமாகப் போகிறது. துவாலு, நவூரு, பலாவு போன்ற இன்னும் சிறிய நாடுகளின் வரிசையோ ஓர் ஆண்டு உச்சத்துக்கு ஏறுகிறது, இன்னோர் ஆண்டு சரிகிறது, இடையிடையே கட்டமே காலியாக இருக்கிறது. இப்படிச் சரியும் ஆண்டில் அங்கே மருந்து தீர்ந்துபோயிற்றா, செவிலியர் இல்லாமற்போயினரா, வேறு ஏதேனும் நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த நாடு வென்றது, அந்த நாடு தோற்றது என்று எழுத மனம் ஒப்பவில்லை. துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எண்கணக்கர்

ஐயா, முதலில் சதவீதத்தை மூடி வைத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். துவாலுவிலும் நவூருவிலும் வாழ்வோர் முறையே ஏறத்தாழ பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் பேர்தாம். அங்கே ஓர் ஆண்டில் சிகிச்சைக்குப் பதிவாகிறவர்களை ஒரு சிறிய வகுப்பறையில் அமரவைத்துவிடலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். ஒரு தீவு நாட்டில் அடுத்தடுத்த ஐந்து ஆண்டுகளில் முறையே 10, 8, 12, 9, 11 பேர் சிகிச்சை தொடங்குகிறார்கள். அவர்களில் 10, 6, 11, 7, 11 பேர் வெற்றிகரமாக முடிக்கிறார்கள். அட்டவணையில் இது 100, 75, 92, 78, 100 என்று விழும். பார்ப்பவருக்குத் திட்டம் இரு முறை சரிந்து இரு முறை மீண்டதாகத் தோன்றும். ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் 50 பேரில் 45 பேர், அதாவது 90 சதவீதம். அந்த 90-க்கும்கூட 95 சதவீத நம்பக எல்லை (தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டால் உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 78 முதல் 97 வரை விரிகிறது. எட்டுப் பேரில் எட்டுப் பேரும் தேறிய ஆண்டின் 100-க்குக் கீழெல்லை 63தான். ஆகவே அந்த 100-ஐயும் அடுத்த நாட்டின் 75-ஐயும் வைத்துக்கொண்டு எது மேல் என்று வரிசைப்படுத்துவதற்குப் புள்ளியியலில் இடமே இல்லை.

இலக்குகளும் இதே சிக்கலில்தான் மாட்டுகின்றன. 1991-இல் உலக சுகாதாரப் பேரவை, கண்டறியப்பட்ட, சளியில் கிருமி தென்பட்ட நோயாளிகளில் 85 சதவீதத்தினரைக் குணப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. பிற்கால இலக்குகள் 90-ஐக் குறித்தன. ஆறு பேர் மட்டும் பதிவான ஆண்டில் ஒருவர் இறந்தால் விகிதம் 83.3, இலக்கு தவறிவிட்டது. ஏழு பேர் பதிவாகி ஒருவர் இறந்தால் 85.7, இலக்கு எட்டப்பட்டது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பதிவான எந்த ஆண்டிலும் 90-ஐ எட்ட ஒரே வழி, ஒருவரும் தவறாமல் எல்லோரும் தேறுவதுதான். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாடுகளை மனத்தில் வைத்து வகுத்த அளவுகோலை இங்கே அப்படியே வைத்தால் இப்படித்தான் ஆகும்.

தாமரைக்குளம்

தெளிவாகிறது. அப்படியானால் கிரிபட்டியின் வரிசையை மட்டும் நம்பலாமா? அங்கே மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 1,20,000-ஐ ஒட்டியிருக்கிறது. நோய் ஏற்படும் வேகம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 400-க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 2023-க்கான உலகச் சராசரி 134, இந்தியாவுக்கு 195 என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர்

எண்கணக்கர் சொன்னது சரி. கிரிபட்டியில் ஆண்டுக்குச் சில நூறு பேர் என்பதால் ஒருவரின் இறப்பு, வெற்றி விகிதத்தைக் கால் புள்ளியோ அரைப் புள்ளியோதான் அசைக்கும். ஆனால் எண் நிலையாக இருப்பதாலேயே அது சொல்லும் செய்தி முழுமையானது என்று கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டின் மாவட்டக் காசநோய்த் திட்டத்தில் நீண்ட காலம் இந்தப் பதிவேட்டோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

"வெற்றி" என்ற கட்டத்துக்குள் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒரு வகையினர் சிகிச்சையின் இறுதியில் கிருமி இல்லை என்று ஆய்வகம் உறுதிசெய்த குணமடைந்தோர். மற்றொரு வகையினர் மாத்திரைகளை முழுக்க உட்கொண்டு முடித்தவர்கள். தோல்விக்கான அடையாளம் எதுவும் அவர்களிடம் இல்லை, ஆனால் ஆய்வகச் சான்றும் இல்லை. வெளித்தீவில் சளி மாதிரியை எடுத்துத் தலைநகருக்கு அனுப்ப விமானமும் கப்பலும் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் நாட்டில், இரண்டாம் வகையினரின் பங்கு கூடுவது இயல்பு. விகிதம் அதே 90-ஆகத்தான் நிற்கும். உள்ளே இருக்கும் உறுதி வேறு.

வெற்றிக்கு வெளியே உள்ள கட்டங்கள் நான்கு: சிகிச்சை தோல்வி, இறப்பு, தொடர்ந்து இரண்டு மாதங்களோ அதற்கு மேலோ மருந்தை நிறுத்தித் தொடர்பு அறுந்தோர், முடிவு மதிப்பிடப்படாதோர். வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே என்ன ஆயிற்று என்று தகவல் வராதவர் கடைசிக் கட்டத்தில் விழுவார். அவர் வேறு நாட்டில் மருந்தை ஒழுங்காக முடித்து நலமாக இருக்கலாம். அட்டவணைக்கு அது தெரியாது. இன்னொன்றையும் கட்டுரையில் மறவாமல் குறிப்பிடுங்கள்: ஓர் ஆண்டில் பதிவானவர்களின் சிகிச்சை முடிய ஆறு மாதங்களுக்கு மேல் ஆவதால், அவர்களின் முடிவு இரண்டு ஆண்டு கழித்துத்தான் உலக அறிக்கையில் வரும். 2022-இல் சிகிச்சை தொடங்கியவர்களின் உலக வெற்றி விகிதமான 88 சதவீதம் 2024 அறிக்கையில்தான் வந்தது.

எனக்குப் பெரிய மனக்குறை வேறொன்று. இந்த விகிதம் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. நூறு பேருக்கு நோய் வந்து எழுபது பேர் மட்டும் கண்டறியப்பட்டு, அவர்களில் 63 பேர் தேறினால் அட்டவணை 90 என்று பெருமையோடு சொல்லும். எஞ்சிய முப்பது பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவர்கள் வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். நோய் வந்தவர்களில் சிகிச்சை பெறுவோரின் பங்கையும் வெற்றி விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கடலோடி

மருத்துவர் ஐயா "மாற்றப்பட்டவர்" என்று சொன்னதைப் பற்றி ஒரு செய்தி. நான் கப்பல் பொறியாளன். தராவாவின் பேத்தியோவில் உள்ள கடற்பயிற்சி மையத்தில் பயின்று ஜெர்மன் நிறுவனங்களின் கப்பல்களில் வேலைபார்த்த கிரிபட்டி மாலுமிகளோடு பல பயணங்கள் சென்றிருக்கிறேன். அந்நாட்டின் நிலப்பரப்பு மொத்தமும் 811 சதுர கிலோமீட்டர். அது சிதறிக் கிடக்கும் கடற்பரப்போ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். தலைநகர் தராவாவிலிருந்து கிழக்கே கிரிதிமதித் தீவுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவைவிட இது அதிகம், வழியில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்.

நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்குத் தராவாவின் ஒடுங்கிய நிலப்பட்டையில் வாழ்கிறார்கள். பேத்தியோவில் வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். அந்த ஊர்க்காரர்களின் பொதுமண்டபமான மனேயபா நாற்புறமும் திறந்து காற்றோடும். நெரிசல் அங்கே இல்லை, உறங்கும் வீடுகளில்தான். உறவினர் வீட்டுக்கு வெளித்தீவிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவதும், திரும்பிப் போவதும், கப்பலுக்கும் நியூசிலாந்துக்கும் கிளம்புவதும் அங்கே அன்றாடம். ஆறு மாதம் ஒரே முகவரியில் இருக்கும் நோயாளி என்ற எதிர்பார்ப்பே அந்த ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தாது.

யாழ்வாணி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. வீடு அவ்வளவு நெருக்கமானது, ஆள் நடமாட்டம் அவ்வளவு அதிகம் என்றால், சில நூறு நோயாளிகளை ஆறு மாதமும் மருத்துவமனையிலேயே தங்கவைத்து மாத்திரை கொடுத்தனுப்பினால் என்ன? சிறிய நாட்டுக்கு அது முடியாத காரியமா? தொடர்பு அறுந்தோர் என்ற கட்டமே காலியாகிவிடும் அல்லவா?

ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர்

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு நடந்ததே நம் ஊரில்தான், தங்கையே. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவு உலகத்தின் நடைமுறையையே மாற்றியது: வறிய, நெரிசலான வீட்டிலிருந்து மருந்துண்டவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்குச் சானடோரியத்தில் இருந்தவர்களின் குடும்பத்தினரைவிட அதிகமாக நோய் வரவும் இல்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அது விரைவாகக் குறைகிறது.

ஆறு மாதம் படுக்கையில் வைத்தால் மாலுமி வேலையை இழப்பார், மீனவரின் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிச் செய்வார்கள் என்ற பேச்சு பரவினாலே இருமல் உள்ளவர் மருத்துவமனைப் பக்கம் வரமாட்டார். விகிதம் நூறாகும், கண்டறியப்படாத அந்த முப்பது பேர் ஐம்பது பேராக வெளியே நிற்பார்கள்.

படுக்கை தேவைப்படுகிறவர்கள் வேறு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், கண்டறியப்பட்ட உடனே எடை-உயர விகிதம், கால்வீக்கம், மூச்சின் வேகம், ரத்த ஆக்ஸிஜன், பிடியின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தைப் பார்த்து, கவலைக்குரியவர்களை மட்டும் உள்நோயாளியாக்குகிறார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்வதால் இந்த வடிகட்டல் பயன் தருகிறது. கிரிபட்டியில் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உலகின் மிக உயர்ந்த அளவுகளை ஒட்டி இருக்கின்றன. சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. சிகிச்சையின்போது இறக்கும் வாய்ப்பையும் கூட்டுகிறது. அங்கே வெற்றி விகிதத்தை உயர்த்த விரும்புகிறவர் மாத்திரை விழுங்குவதைக் கண்காணித்தால் மட்டும் போதாது, முதல் நாளே விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

யாழ்வாணி

நன்றி ஐயா. சானடோரியத்தைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் நிற்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் ஒரு சின்னத் தீவில் நுழைந்துவிட்டால் அப்போதும் வீட்டுச் சிகிச்சை என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர்

மைக்ரோனீசியக் கூட்டு நாடுகளின் சூக் மாநிலத்தில் அது நடந்தது. 2007 முதல் 2009 வரையிலான காலத்தில் பல மருந்து எதிர்ப்புக் காசநோய் அங்கே பரவியபோது, நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, தொற்று இருந்தும் நோய் வராத 119 பேருக்கு ஓராண்டுத் தடுப்பு மருந்து கொடுக்க முன்வந்தார்கள். 104 பேர் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. மறுத்த 15 பேரில் மூவருக்கு வந்தது. தொடங்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் ஓராண்டு மருந்தை முடித்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. நகரங்களில் மூன்று மாதத் தடுப்பு மருந்தை முடிக்க வைப்பதற்கே நாங்கள் படாத பாடு பட்டிருக்கிறோம். ஒருவரையொருவர் அறிந்த சமூகத்துக்கு உள்ள வலிமை அது.

எண்கணக்கர் உடனே 15 என்பது சின்ன எண் என்று சொல்வார். சொல்லட்டும்.

எண்கணக்கர்

சொல்லமாட்டேன். 104-இல் பூச்சியம், 15-இல் மூன்று என்ற வேறுபாடு தற்செயலாக வருவது மிக அரிது. சின்ன எண்களால் எதையும் சொல்ல முடியாது என்று நான் எங்கும் எழுதவில்லை. வேறுபாடு பெரிதாக இருந்தால் சின்ன எண்களும் பேசும்; எட்டுக்கும் பத்துக்கும் இடையிலான ஆண்டு ஊசலாட்டம் மட்டும் பேசாது.

வரிசெலுத்துநர்

இவ்வளவு நேரம் படித்தேன். மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் பாதி சாக்குப்போக்காகத் தெரிகிறது. கிரிபட்டி, துவாலு, நவூரு உள்ளிட்ட 11 பசிபிக் நாடுகளுக்கு உலகளாவிய நிதியத்தின் பணம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக ஒரே தொகுப்பாகப் போகிறது. பணம் கொடுப்பவர் ஓர் எண்ணைக் கேட்பது குற்றமா? "நாங்கள் சிறியவர்கள், எங்கள் விகிதத்தைப் பார்க்காதீர்கள்" என்று எல்லோரும் சொன்னால், மருந்து உண்மையிலேயே தீர்ந்துபோன ஆண்டும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

எண்கணக்கர்

நியாயமான கேள்வி, சாக்குப்போக்குக்கு நானும் இடம் கொடுக்க விரும்பவில்லை. பெரிய நாட்டில் செய்யவே முடியாத ஒன்றைச் சிறிய நாட்டில் செய்யலாம். ஆண்டுக்கு ஒன்பது பேர் பதிவாகி இருவர் தேறவில்லை என்றால், அந்த இருவரைப் பற்றியும் தனித்தனியே ஒரு பக்கம் எழுதிக் கேட்கலாம். எழுபத்தெட்டு வயதில் முற்றிய நிலையில் வந்து பத்தாம் நாள் இறந்தாரா? மருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லையா? ஃபிஜிக்குப் போய்விட்டாரா? மூன்றுக்கும் அட்டவணையில் மதிப்பு ஒன்றே. மூன்றுக்கும் செய்யவேண்டியது வெவ்வேறு. மருந்து தீர்ந்திருந்தால் அந்தப் பக்கங்களில் அது வெளிப்பட்டுவிடும், சதவீதத்திலோ வெளிப்படாது. ஐந்தாண்டுச் சராசரியும் இந்தப் பக்கங்களும் சேர்ந்தால் பணம் கொடுப்பவருக்குக் கூடுதலான கணக்குத்தான் கிடைக்கிறது.

வரிசெலுத்துநர்

அந்தப் பக்கங்களைப் பொதுவெளியில் வைப்பார்களா?

கடலோடி

வைக்கக் கூடாது. பதினோராயிரம் பேர் உள்ள நாட்டில் "சென்ற ஆண்டு ஒருவர் இறந்தார், வயது எழுபதுக்கு மேல்" என்று அச்சிட்டாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் திருமணப் பேச்சு நிற்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. கப்பலில் மருத்துவச் சான்று மறுக்கப்படுமோ என்று அஞ்சி இருமலை மறைத்தவர்களை நான் அறிவேன்.

எண்கணக்கர்

ஆம். அதனால் மொத்த எண்கள் பொதுவெளிக்கு, தனிப் பக்கங்கள் சுகாதார அமைச்சுக்கும் நிதி தருபவரின் ஆய்வுக் குழுவுக்கும் என்று பிரிப்பதே வழி. வரிசெலுத்துநர் இதில் முழுதும் நிறைவடையமாட்டார் என்று தெரிகிறது. ஆனால் பத்துப் பேரின் நோய்ப் பதிவேட்டை உலகத்துக்குத் திறந்து வைப்பதை நான் ஏற்க முடியாது.

தாமரைக்குளம் அவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. மார்ஷல் தீவுகளின் ஈபாய் தீவில், ஒரு சதுர கிலோமீட்டரில் பாதிகூட இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்கிறார்கள். அங்கே 2017-இலும், தலைநகர் மஜூரோவில் 2018-இலும் ஊர் முழுவதையும் அழைத்து எக்ஸ்ரே எடுத்துக் காசநோயைத் தேடினார்கள். மஜூரோவில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். இப்படித் தேடும் ஆண்டில் பதிவாகும் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென ஏறும். அதைப் பார்த்து நோய் பரவிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வெற்றி விகிதமும் அந்த ஆண்டில் மாறக்கூடும், ஏனென்றால் நோய் முற்றி நடந்து வரமுடியாத நிலையில் வந்தவர்களோடு, இருமல்கூட இல்லாமல் எக்ஸ்ரேயில் மட்டும் அகப்பட்டவர்களும் வகுக்கும் எண்ணில் சேர்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தேறுவார்கள். திட்டம் அதே அளவு நன்றாகவோ மோசமாகவோ நடந்திருந்தாலும் விகிதம் ஏறும். தெற்குத் தராவாவிலும் காசநோயையும் தொழுநோயையும் ஒருங்கே தேடும் பெரிய பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டதால், கிரிபட்டியின் அண்மை ஆண்டுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறிகுறி இல்லாதவர் மாத்திரையை நிறுத்துவதற்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு ஒன்றுமில்லையே, ஏன் ஆறு மாதம் என்று கேட்பார். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைராசினமைடு, எத்தாம்புட்டால் நான்கும் முதல் இரண்டு மாதம், பிறகு முதல் இரண்டும் நான்கு மாதம் என்பது நலமாக உணர்கிறவருக்கு நெடுந்தொலைவு. ஆகவே விகிதம் ஏறியே தீரும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

தாமரைக்குளம்

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலை எடுத்துவிடுகிறேன். துவாலு, நவூரு போன்றவற்றுக்கு ஐந்தாண்டுகளைச் சேர்த்த எண்ணும் நம்பக எல்லையும், கிரிபட்டிக்கு ஆண்டு வாரியாக வெற்றி விகிதத்தோடு சிகிச்சை பெறுவோரின் பங்கும் தருவதாக இருக்கிறேன். உலக வங்கித் தளத்தில் சதவீதம் மட்டுமே கிடைக்கிறது. ஆட்களின் எண்ணிக்கை எங்கே கிடைக்கும்?

எண்கணக்கர்

உலக சுகாதார அமைப்பின் காசநோய்த் தரவுப் பக்கத்தில் சிகிச்சை முடிவுகளுக்கென்று தனிக் கோப்பு இருக்கிறது. நாடு, ஆண்டு வாரியாகப் பதிவானோர், வெற்றி, தோல்வி, இறப்பு, தொடர்பு அறுந்தோர் என ஒவ்வொன்றும் தனிப் பத்தியில் எண்ணிக்கையாகவே உள்ளது. புதிய நோயாளிகளும் மீண்டும் நோய் வந்தவர்களும் ஒரு கணக்கில், முன்பே சிகிச்சை பெற்ற மற்றவர்கள் இன்னொரு கணக்கில், மருந்து எதிர்ப்பு உள்ளவர்கள் மூன்றாவது கணக்கில் இருப்பார்கள், மூன்றையும் கூட்டிவிடாதீர்கள். மருந்து எதிர்ப்புக் காசநோயின் உலக வெற்றி விகிதம் 2021-இல் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு 68 சதவீதம்தான், அதனால் கலந்தால் கணக்கு குழம்பும். காலியாக உள்ள கட்டத்தைப் பூச்சியமாகவும் எண்ணிவிடாதீர்கள். ஒரு நாட்டின் வரிசையில் பதிவானோர் எண்ணிக்கையே பூச்சியம் என்று இருந்தால், நியுவே போன்ற மிகச் சிறிய தீவுகளில் அது உண்மையாகவே அந்த ஆண்டு ஒரு நோயாளியும் இல்லை என்று பொருள்படலாம். அந்த ஆண்டுக்கு வெற்றி விகிதம் என்று ஒன்று கிடையாது.

ஓய்வுபெற்ற மார்புநோய் மருத்துவர்

பதிவானோரிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது மதிப்பிடப்படாதோர். கிரிபட்டிக்கு முதலில் அந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். அது சில ஆண்டுகளில் பெரிதாக இருந்தால், அடுத்த கேள்வியைச் சிகிச்சையைப் பற்றிக் கேட்காமல் கடலோடி சொன்ன கப்பல்களைப் பற்றிக் கேளுங்கள்.